பூனையின் முறைப்பாடு

கட்டைபறிச்சானில் பூனைக்கு மண் பேசின் வைக்கும் வழக்கம் அண்மையில் வந்தது. கொட்டியார்க் குடாவின் தென்புறம், மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கும் இந்த ஊரில் மண்ணுக்கு என்ன குறை? கடற்கரைப் பக்கம் போனாலும் மணல், வேலியோரத்துத் தென்னையடியிலும் மணல். பூனை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. குசினிக்குப் பின்னால் ஈரம் படாத ஒரு மூலையை அது தெரிந்து வைத்திருக்கும். முன்காலால் கிண்டும், குந்தும், எழுந்து திரும்பி முகரும், இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து மூடும், மறுபடியும் முகரும். திருப்திப்பட்டால்தான் அந்த இடத்தை விட்டு நகரும். வீட்டு மனிதர் எவரும் அதைக் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிறகு நிலம் சீமெந்தானது. யுத்தமும் இடப்பெயர்வும் முடிந்து எழுந்த வீடுகளில் சாணி மெழுகிய தரை இல்லை. கையில் காசு சேர்ந்தவர்கள் முற்றத்தையும் கொங்கிரீட் போட்டார்கள். வீதி திருந்தியது, வாகனம் பெருகியது, தெருநாய்களும் பெருகின. குட்டியை வெளியே விட மனம் வராதவர்கள் அதை வீட்டுக்குள் வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த பூனைக்கு விறாந்தை மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினும் அதில் இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குக் கடற்கரை மணலும் கிடைத்தன. ஒரு ஊரின் மண் முழுவதையும் அனுபவித்த விலங்குக்கு இப்போது முழங்கை நீள மண்தான் மிச்சம். அதையும் அது ஏற்றுக்கொண்டது. யாரும் கற்பிக்காமலே பேசினுக்குள் ஏறி, கிண்டி, மூடிவிட்டு வந்தது.

இப்படி மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் ஒழுங்காக இருக்கும் பூனை ஒரு நாள் பேசினுக்குப் போகாமல் விட்டுவிடும். மடித்து வைத்த உடுப்பின்மேல் போகும். சுருட்டி வைத்த பாயில் போகும். நெல் மூட்டையில், சுவாமி அறை வாசலில், குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே போகும். வாடை உடனே முழுதாகத் தெரியாது. பூனையின் மூத்திரத்தில், அதிலும் கடுவனின் மூத்திரத்தில், ஃபெலினின் என்றொரு அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. அது சிதையச் சிதையக் கந்தக நெடி கிளம்பும். அதனால்தான் இரவு லேசாக இருந்த வாடை விடிந்ததும் வீட்டை நிறைத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முதலில் தும்புத்தடி. அடுத்தது, பூனையின் பிடரியைப் பிடித்து அந்த ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பது. இரண்டும் பலிக்காவிட்டால் சாக்கு. பூனையைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டுபோய்ப் பாலத்துக்கு அப்பால் விட்டுவிடுவார்கள். தண்ணீரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் திரும்பி வராது என்பது நம்பிக்கை. கொண்டுபோய் விட்டவரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. அதே கைதான் அதுவரை மீன் தலையை அதற்கு எடுத்து வைத்தது. பூனை வேண்டுமென்றே செய்கிறது, வஞ்சம் தீர்க்கிறது என்று அந்த வீடு நம்பிவிட்டது. அந்த நம்பிக்கை பிழையானது. பேசினை விட்டு வெளியே போகும் பூனை ஒரு முறைப்பாடு வைக்கிறது. தன் உடம்பைப் பற்றியோ, தன் பேசினைப் பற்றியோ, தான் வாழும் வீட்டைப் பற்றியோ அது சொல்ல வைத்திருக்கும் ஒரே வழி அதுதான். அந்த முறைப்பாட்டை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

*

பூனை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். இன்றைய வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. தண்ணீர் அரிதான நிலத்தில் வாழ்ந்ததால் அதன் சிறுநீரகம் மூத்திரத்தைக் கடுமையாக வற்றச் செய்து வெளியேற்றப் பழகியது. தாகம் எடுப்பதும் குறைவு. காய்ந்த உருண்டைத் தீனியை மட்டும் தின்று, தண்ணீர்க் கோப்பையைத் திரும்பியும் பார்க்காத இன்றைய பூனைக்கும் அந்தப் பாலைவனச் சிறுநீரகம்தான் வாய்த்திருக்கிறது. சிறுநீர்ப்பை நோய் அதை இவ்வளவு எளிதாகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணைக் கிண்டி மூடுவதும் அந்த நிலத்திலிருந்து வந்த பழக்கம்தான். தான் உண்டு உறங்கும் இடத்துக்கு அருகில் தன் வாடையை மறைப்பது, பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய ஒரு சிறிய வேட்டை விலங்குக்கு உயிர்ப் பாதுகாப்பு.

சைப்பிரஸ் தீவில் சில்லூரோகம்போஸ் என்ற கற்கால ஊரில் ஏறத்தாழ 9,500 வருடங்களுக்கு முந்திய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டெடுத்து 2004இல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் பூனை இயல்பாக வாழ்ந்ததில்லை. ஆகவே கடல் கடந்து குடியேறப் போனவர்கள் தோணியில் அதையும் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். தோணியில் இடம் எவ்வளவு குறைவு என்பது கொட்டியார்க் குடாவில் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விதைத் தானியமும் ஆடும் ஏற்றிய தோணியில் பூனைக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். மனிதனுக்கும் பூனைக்கும் இருக்கும் உறவு அவ்வளவு பழையது.

பேசினுக்கு வந்த வரலாறோ மிகக் குறுகியது. குளிர்நாடுகளில் மக்கள் பெட்டியில் மணலோ சாம்பலோ போட்டுப் பூனைக்கு வைத்தார்கள். 1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சிற்றூரில், ஒரு பெண் தன் மணற்குவியல் உறைந்துபோனதால் சாம்பலைப் பாவித்துப் பார்த்தார். பூனையின் காலில் ஒட்டிய சாம்பல் வீடெல்லாம் தடம் பதித்தது. பக்கத்தில் மரத்தூள் முதலியன விற்றுக்கொண்டிருந்த எட்வேர்ட் லோவிடம் கொஞ்சம் மணல் கேட்டார். லோ மணலுக்குப் பதிலாக எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பாவிக்கும் களிமண் துகளைக் கொடுத்தார். அது ஈரத்தை உறிஞ்சியது, வாடையை அடக்கியது. கடதாசிப் பையில் அடைத்து விற்கத் தொடங்கிய அந்தக் களிமண்ணிலிருந்துதான் இன்றைய பெரும் வியாபாரம் பிறந்தது. 1984இல் தொமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர், ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டனைற் களிமண்ணைக் கொண்டுவந்தார். கொழும்புக் கடைகளில் இன்று பை பையாக விற்கப்படுவது அதுதான். கட்டைபறிச்சானில் அதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அள்ளிக் கழுவிக் காயவைத்த பொடி மணலைப் பூனை அதைவிடக் குறைவாக மதிப்பதில்லை. அதன் பாதத்துக்குப் பழக்கமான மண் அதுவே.

*

முறைப்பாட்டை விசாரிப்பதானால் முதலில் உடம்பை விசாரிக்க வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் படியும் உப்புக் கற்கள், நீரிழிவு, சிறுநீரகம் பழுதாதல், மலச்சிக்கல் எல்லாம் பூனையைப் பேசினிலிருந்து விலக்கும். வயது போன பூனைக்கு மூட்டு வலி வந்தால் பேசினின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதே துன்பம். வலியோடு ஒரு முறை அந்த மண்ணில் குந்திய பூனை, வலி அந்த மண்ணிலிருந்துதான் வந்தது என்று எண்ணிக்கொள்ளும். பிறகு வலிக்காத இடம் தேடிப் போகும். மெத்தென்ற உடுப்பும் பாயும் அப்படித்தான் பலியாகின்றன.

இவற்றுள் ஒன்று மட்டும் மணிக்கணக்கில் உயிரைக் குடிப்பது. கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிக ஒடுக்கமானது. உப்புப் பொடியும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அப்படி அடைத்த கடுவனைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பேசினில் ஏறிக் குந்தும். முதுகைக் கூனி, வால் அடியை உயர்த்தி முக்கும். ஒரு துளியும் வராது. இறங்கும், அடிவயிற்றுக்குக் கீழே நக்கும், மறுபடி ஏறும். பேசினில் இயலாதபோது சீமெந்துத் தரையில் குந்தும், கதவடியில் குந்தும். சில வேளை அடித்தொண்டையில் ஒரு நீண்ட முனகல். வயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழ அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு கெட்டி உருண்டை தட்டுப்படும். பார்ப்பவர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்குவார். அந்த நேரத்துக்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும். கழிவு திரும்பி உடம்புக்குள் பரவும். வைத்தியம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுத்து, சேலைன் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கும்.

நலமான பூனை ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு தடவை மூத்திரம் போகும். பேசினில் மணல் வைத்திருப்பதன் பெரிய நன்மை இதுதான்: காலையில் அள்ளும்போது ஈரக் கட்டிகளைப் பார்த்தாலே உடம்பின் நிலை தெரிந்துவிடும். கடுவன் முக்குகிறது, ஆனால் ஈரம் இல்லை என்றால் அடுத்த நாளுக்குத் தள்ளக்கூடாது. முன்பு இந்தக் கரையிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றால் மூதூர் ஜெட்டியில் லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது மிதவைப் பாதைகளில் மாறி மாறி ஏறி ஆறுகளைக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அடுத்தடுத்த பாலங்கள் முடிந்ததும் அந்தக் காலம் போய்விட்டது. இன்று பழக்கூடையொன்றில் துணி விரித்துப் பூனையை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, பஸ்ஸில் ஏறலாம். முதலில் அருகிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் காட்டலாம். குழாய் செலுத்தும் வசதி எங்கே உண்டு என்பதை அவரே சொல்லுவார்.

*

உடம்பில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனாலும் சிறுநீர்ப்பை புண்ணாகி இரத்தம் கலந்து போகிறது என்றொரு நிலை உண்டு. இளம் பூனைகளுக்கும் நடுவயதுப் பூனைகளுக்கும் வரும் சிறுநீர்க் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் நீண்ட காலம் இதை ஆராய்ந்தார். இனி வைத்திருக்க முடியாது என்று வளர்த்தவர்கள் கைவிட்ட நோய்ப் பூனைகளை அவர் பொறுப்பேற்றார். ஒவ்வொன்றுக்கும் ஒதுங்க ஓரிடம், ஏறி இருக்க ஒரு தட்டு, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே ஆளின் பராமரிப்பு, நாள்தோறும் விளையாட்டு. இவ்வளவும் கிடைத்தபோது பெரும்பாலானவற்றின் நோய் அடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் பாதித்தது. ஜூடி ஸ்டெல்லாவும் பஃபிங்டனும் சேர்ந்து 20 நோய்ப் பூனைகளையும் 12 நலமான பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. சாப்பாட்டு நேரம் பிந்துவது, பழகிய பராமரிப்பாளர் வராமல் வேறொருவர் வருவது போன்ற மாறுதல்கள் நேர்ந்த வாரங்களில் பூனைகள் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, பேசினுக்கு வெளியே போயின. நோய்ப் பூனைகள் மட்டுமல்ல, ஒரு குறையும் இல்லாத பூனைகளும் அப்படியே செய்தன. வாழ்க்கையின் ஒழுங்கு குலைந்தால் நலமான உடம்பும் நோயாளியைப் போல நடந்துகொள்ளும். இதைக் கிழக்கு மாகாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

*

எங்கள் பெரியம்மா சம்பூரில் பிறந்தவர். முகாம் வாழ்க்கைக்குப் பிறகு மகளோடு கட்டைபறிச்சானில் தங்கிவிட்டார். அவர் வீட்டுச் சாம்பல் நிறக் கடுவன் பேசினை விட்டபோது முறையிட்டதும் அவர்தான்.

“பார் மகன், இது வேணுமெண்டுதான் செய்யுது. பிள்ளை பிறந்ததில இருந்து இதுக்கு எரிச்சல். பழி வாங்குது.”

வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். பேரப்பிள்ளை பிறந்ததும் பேசின் விறாந்தையிலிருந்து குசினிப் பின்கதவடிக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் படுக்கும் இடம். மழைக்கு மணல் நனைந்துவிட்டதால் அரிவுமில்லில் எடுத்த மரத்தூள் போட்டிருந்தார்கள். வாடை போகட்டும் என்று பேசினை டெற்றோல் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கடுவன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே பேசினுக்குக் கிட்ட வந்தது, ஒரு காலை மரத்தூளில் வைத்தது, உதறி எடுத்தது, கதவைப் பார்த்தது. வெளியே நாய் அசைந்த சத்தம். காது பின்னால் படிந்தது. திரும்பிப் போய்விட்டது.

பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “நாங்களும் அங்க அப்பிடித்தானே இருந்தம். விடியமுன்னம் இருட்டோட போய் வந்தாத்தான். பகலில தண்ணி குடிக்கிறதையே விட்டிருந்தம்.”

2006 ஏப்ரலில் தொடங்கிய விமானக் குண்டுவீச்சும் ஷெல்வீச்சும் மூதூர் கிழக்கைக் காலியாக்கின. மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனார்கள். பிறகு கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். சம்பூர்க்காரர்கள் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். இந்த வருடங்களைப் பற்றி எழுதியவர்கள் காணியை எழுதினார்கள், கடலை எழுதினார்கள், இறந்தவர்களை எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவை. ஆனால் ஒரு பெண் பகல் முழுதும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருந்ததை அதிகம் யாரும் எழுதவில்லை. எழுதக் கூச்சம்.

அகதி முகாம்களுக்கு உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படும் ஸ்பியர் கையேடு, 20 பேருக்கு ஒரு கழிவறை வேண்டும், அது குடியிருப்பிலிருந்து 50 மீற்றருக்கு மேல் தூரமாக இருக்கக்கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எத்தனையோ யுத்தங்களில் எத்தனையோ பெண்கள் பட்ட துன்பத்திலிருந்து பிறந்த வரிகள் அவை. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் போகமாட்டார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் போகமாட்டார்கள். போகாமல் அடக்கினால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். குறைத்தால் மூத்திரக் கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்ட அக்சன் பாம் நிறுவனத்தின் 17 பணியாளர்களும் சுனாமிக்குப் பிந்திய குடிநீர், சுகாதார, உணவுப் பாதுகாப்பு வேலைகளில் இருந்தவர்கள். ஒரு கிணற்றுக்கும் ஒரு கழிவறைக்கும் பின்னால் எவ்வளவு பெறுமதியான மனித உழைப்பு இருக்கிறது என்பதை இந்தக் கரை அறியும்.

பூனையின் துன்பமும் அகதியின் துன்பமும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு பேருக்கும் செய்யும் அவமதிப்பு. ஆனால் பயமில்லாமல் உடம்பைத் தளர்த்தி ஒதுங்குவதற்கு ஓரிடம் வேண்டும் என்பது உயிருள்ள உடம்பின் தேவை. குந்தும் நேரத்தில் எந்த விலங்கும் ஓடவோ சண்டையிடவோ இயலாத நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் பின்பக்கத்துக்குக் காவல் இல்லாத இடத்தை அது நம்பாது. பெரியம்மா தன் பூனையை அன்றைக்கு விளங்கிக்கொண்டது அறிவுரையால் அல்ல. தன் உடம்பின் நினைவால்.

*

பேசின் மறுபடியும் விறாந்தை மூலைக்கு வந்தது. இன்னொரு பேசின் உள்ளறையில் வைக்கப்பட்டது. வெயிலில் காயவைத்த மணல் நிரப்பப்பட்டது. கடுவன் படிப்படியாகத் திரும்பியது. இந்த விஷயத்தில் மிருக வைத்தியர்கள் சொல்லும் விதிகள் எளியவை. வீட்டில் உள்ள பூனைகளைவிட ஒரு பேசின் கூடுதலாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்தால் பூனைக்கு அவை எல்லாம் ஒன்றுதான். மூக்கு முதல் வால் அடி வரையான நீளத்தின் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும்; நின்று திரும்ப முடியாத சின்னப் பேசினைப் பூனை விரும்பாது. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம். சத்தம் போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வந்து போக இரண்டு வழி தெரியும் மூலை நல்லது. நாளுக்கு ஒரு தடவையாவது அள்ளுங்கள். மண் வகையை மாற்ற வேண்டியிருந்தால் பழைய மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். கிழட்டுப் பூனைக்குப் பேசினின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக் கொடுங்கள்.

சுவரிலும் கதவிலும் நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டுப் பீச்சுவது வேறு சங்கதி. அது எல்லை போடுவது. கருத்தடை செய்யாத கடுவனின் வேலை பெரும்பாலும் அதுதான். கருத்தடை செய்தால் பெரும்பாலானவை நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் பீச்சினால், வளவுக்குள் புதிதாக ஒரு பூனை வந்து போகிறதா என்று பாருங்கள்.

கழுவும் முறையும் முக்கியம். அமோனியா கலந்த திரவம் பூனைக்கு மூத்திர வாடையாகவே படும். அதே இடத்துக்குத் திரும்பி வரும். டெற்றோலும் பினாயிலும் பூனைக்கு நஞ்சு. பீனோல் வகைப் பொருட்களை வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. காலில் ஒட்டியதை அது நக்கித்தான் துடைக்கும். உடுப்புக் கழுவும் தூளைக் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் விடுவது போதும். இதே காரணத்தால், வலிக்கிறது என்று இரங்கிப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு குளிசை போதும், பூனை இறந்துவிடும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை அப்புறப்படுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை வரலாம் என்பதும் அது கருவைப் பாதிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் தொற்றிய பூனை வழக்கமாக ஓரிரு வாரங்களே அதை வெளியேற்றும். வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் வேண்டும். ஆகவே கர்ப்பிணி அல்லாத இன்னொருவர் நாள்தோறும் பேசினை அள்ளிக் கையைக் கழுவிக்கொண்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் அதே ஒட்டுண்ணியைக் கொண்டு வரலாம். சாக்குத் தேவையில்லை. அந்த வீட்டு ஆண் ஒருவர் தினமும் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

*

நாய் ஆளோடு, பூனை வீட்டோடு என்று நம்மவர் சொல்வார்கள். பூனை தன் வாடையைப் பூசிப் பூசித் தனக்கென்று ஆக்கிக்கொண்ட இடம்தான் அதன் வீடு. தூணில் கன்னத்தை உரசுவதும், பாயை நகத்தால் கீறுவதும், பேசினில் மண்ணை மூடுவதும் ஒரே வேலையின் பகுதிகள். மூதூர் கிழக்கிலிருந்து ஓடியவர்கள் குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூனைகளைத் தூக்கிக்கொள்ளக் கை இருக்கவில்லை. அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. இன்று ஷெல் விழவில்லை. இன்று பூனையைச் சாக்கில் கட்டிப் பாலத்தைத் தாண்டி விடுவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. தெரியாத கரையில், தன் வாடை ஒன்றும் இல்லாத மண்ணில் இறக்கிவிடப்படும் பூனை நாய்க்கோ வாகனத்துக்கோ பசிக்கோ பலியாகும். வீடற்றுப் போவது எப்படி என்று அறிந்த ஊர் இன்னோர் உயிரை அப்படி ஆக்கக்கூடாது.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பூனை பேசினை விட்டுப் போனால் தடியைத் தேடாதீர்கள். முதலில் அது மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். கடுவன் முக்கியும் போகவில்லையென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். போகிறதென்றால் பேசினைப் பாருங்கள், மண்ணைப் பாருங்கள், அண்மையில் வீட்டில் எது மாறியது என்று எண்ணிப் பாருங்கள். மாறியதை மாற்றிக் கொடுங்கள். சாக்கை நெல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.